குருவம்மாள் மாடியில் தங்கிய ஃபைல்கள்

ஜெயபாண்டி அண்ணாச்சியின் பிரஸில் ஒரு ஃபைல் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள். போகிற ஃபைல் மகாலட்சுமியா, மத்தாப்புப் பெட்டியா, கல்யாணப் பத்திரிகையா, வழியில் எந்த வீட்டில் இன்றைக்கு என்ன பலகாரம் என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்கள், சொன்னால் சரியாகவும் இருக்கும். அண்ணாச்சிக்கு டிசைன் ரூம் பஜாரில், பிரஸ் கண்மாய்க் கரையில், இரண்டுக்கும் நடுவில் எங்கள் தெரு. படங்கள் எல்லாம் டிசைன் ரூம் சர்வரில் இருக்கும். பிரஸில் அச்சுக்குப் பிளேட் போடுகிற சவரிநாதன் தன் கம்ப்யூட்டரில் கிளிக் செய்தால், படம் அங்கிருந்து கிளம்பி, எங்கள் மொட்டை மாடிகளின் மேல் இழுத்துக் கட்டிய கறுப்புக் கேபிள் வழியாக அவரிடம் போய்ச் சேர வேண்டும். வேறு ஊராக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் போயிருக்கும். எங்கள் ஊர் ஃபைல்கள் வழியில் வீடுகளைப் பார்த்தன, நின்றன, உட்கார்ந்தன.

கேபிள் கட்டிய மறுநாளே இது தொடங்கிவிட்டது. டெய்லர் வீட்டு மாடியில் சீனியம்மாள் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு அரிசிக் கடைக் காலண்டருக்காகப் போய்க்கொண்டிருந்த மகாலட்சுமி கேபிளிலிருந்து இறங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாமரையோடு நின்றார். வாசலில் வந்த தபால்காரரையே மோர் குடிக்காமல் அனுப்பாத தெரு இது. மாடிக்கு வந்த மகாலட்சுமியை அனுப்பிவிடுமா? சீனியம்மாள் பாயை விரித்து, வாங்க என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மகாலட்சுமி ஒரு கையால் சொம்பை வாங்கிக்கொண்டார், இரண்டு கைகளில் தாமரை இருந்தது, மிச்சமிருந்த கை அதுபாட்டுக்குப் பொற்காசு கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போனதும் காசும் கூடவே போய்விட்டது. அதற்காகச் சீனியம்மாள் ஒரு சொல் குறை சொல்லவில்லை, விருந்தாளி கொண்டுவந்ததை விருந்தாளியே கொண்டுபோனார் என்று வற்றலைப் புரட்டிப் போட்டார்.

இது எதனால் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்றுதான் கேட்டோம், அதற்கே நேரம் சரியாக இருந்தது. மாடிகளைக் கழுவினோம், கோலம் போட்டோம், கறி எடுத்த வீட்டுக்காரர்கள் சைவச் சாமிகள் வந்தால் அடுத்த மாடிக்கு வழிகாட்டினார்கள், கறுப்பசாமி வந்தால் தாங்களே வைத்துக்கொண்டார்கள். சர்ச் காலண்டருக்குப் போகிற ஆட்டுக்குட்டிக்குக் கீரை போட்டோம். பிரியாணிக் கடைக் காலண்டரின் மினாரா வந்து நின்றபோது, கட்டடத்தை எப்படி உட்காரச் சொல்வது என்று தெரியாமல் அதன் நிழலில் நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். வந்தவர்களின் நான்கு மூலையிலும் பேப்பர் வெட்டுவதற்கான குறிக்கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவை குழந்தைகளின் காலில் இடறாமல் பார்த்துக்கொள்ளப் பழகினோம். தெளிவில்லாத படத்தை ஒப்பேற்றி அனுப்பியிருந்தால் அந்தச் சாமி கிட்டே போகப் போகக் கட்டம் கட்டமாகத் தெரிவார். எழுத்துரு விட்டுப்போயிருந்தால் வந்தவர் வாயைத் திறந்தாலும் வெறும் பெட்டி பெட்டியாகத்தான் வரும். அப்படிப்பட்டவர்களிடம் நாங்கள் பேச்சை வளர்க்காமல் முறுக்கை மட்டும் நீட்டுவோம்.

பிரஸிலும் இதற்கு ஏற்ப வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள். சவரிநாதன் கிளிக் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார், வந்து உட்காரும்போது ஃபைல் திறந்திருக்கும். இப்படியே வருஷக் கணக்காக ஓடியது, வெளியூர் ஏஜெண்டுகள் கூட அந்த டீயைக் கணக்கில் சேர்த்துத்தான் தேதி கேட்டார்கள்.

போன பங்குனியில்தான் நிலைமை மாறியது. டீ நேரம் சாப்பாட்டு நேரம் ஆயிற்று, சாப்பாட்டு நேரம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுகிற நேரம் ஆயிற்று, வைகாசி முடிவதற்குள் காலையில் கிளிக் செய்த பிள்ளையார் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் பிளேட் ரூமுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஊரில் வருகிற வருஷத்தின் காலண்டர் மாதிரிகள் அடங்கின ஆல்பத்தை ஆடிப் பதினெட்டில் வெளியிட வேண்டும்; அன்றைக்கு ஆல்பம் கையில் இல்லாத பிரஸுக்கு அந்த வருஷமே இல்லை. அண்ணாச்சியின் மச்சினர் மகன் ஒருவன் மெட்ராஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இந்தக் கேபிளைக் கழற்றி எறியுங்கள், டிசைன் ரூமையும் மூடிவிடுங்கள், மெட்ராஸில் டிசைன் செய்து இன்டர்நெட்டில் நேராகப் பிரஸுக்கு அனுப்பிவிடலாம் என்று சொன்னான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. அண்ணாச்சி ஆடி முதல் தேதி வரை தவணை கொடுத்தார். அதற்குள் ஃபைல் ஒழுங்காகத் திறக்காவிட்டால் கேபிள் இறங்கும் என்று மாரீஸ்வரியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மாரீஸ்வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிசைன் ரூமில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவள்தான் பொறுப்பு, அதோடு கல்யாணப் பத்திரிகை டிசைனில் அவளை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. எங்கள் தெருக்காரி. பிரஸை ஒட்டி இருக்கிற கடைசி வீடு அவள் அம்மா குருவம்மாளுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், பிளேட் ரூம் சவரிநாதனை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்து மாரீஸ்வரி கல்யாணம் செய்துகொண்டாள். அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், இவர்கள் வீட்டில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர்கள். அம்மா கொலைப் பட்டினி கிடந்தாள் என்றோ மண்ணை வாரித் தூற்றினாள் என்றோ நினைக்க வேண்டாம். பேச்சை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். மகளும் நிறுத்திவிட்டாள். ஒரே தெருவின் ஒரு முனையில் மகள் வேலை பார்த்தாள், மறு முனையில் மருமகன் வேலை பார்த்தார், நடுவில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

பங்குனியில் குருவம்மாளின் பக்கத்து வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அதுவரை அந்த மாடி மேல்தான் கேபிள் போயிற்று. கேபிள்காரர் வேறு வழியில்லாமல் தயங்கித் தயங்கிக் குருவம்மாளிடம் வந்து, உங்க மாடி வழியா இழுத்துக்கட்டுமா என்று கேட்டார். போட்டுக்கோ என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இதைக் கேள்விப்பட்ட மாரீஸ்வரி சரி என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் கோளாறைத் தேட ஆரம்பித்தாள், தேடின அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் சவரிநாதனின் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வைரஸ் பார்க்கிற புரோகிராம்தான் ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்திச் சோதிக்கிறது என்று சந்தேகப்பட்டு அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாள். சேர்ந்திருந்த குப்பை ஃபைல்களைத் துடைத்தாள். எப்போதோ கழற்றிப்போட்ட பழைய சர்வரின் பெயரை இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதைக் கூப்பிட்டுப் பதில் வருமா என்று காத்திருக்கிறதோ என்று பார்த்து, அந்தப் பெயரையும் அழித்தாள். நெட்வொர்க் சுவிட்சை மாற்றினாள், கேபிள் முனையில் இருக்கிற கிளிப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தாள், வேறொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கையில் கொண்டுபோய் அதே கம்ப்யூட்டரில் செருகினாள், தொட்டவுடன் திறந்தது. கம்ப்யூட்டரில் பழுதில்லை, சர்வரில் பழுதில்லை, பழுது வழியில் இருக்கிறது என்று அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

அப்புறம் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் கேபிளில் லேப்டாப்பைச் சொருகி, ஒரு ஃபைலைக் கூப்பிட்டு, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்தாள். முதல் வீட்டில் ஒரு வாய் தண்ணீர், அடுத்த வீட்டில் ஒரு முறுக்கு, டெய்லர் வீட்டில் சீனியம்மாள் புதிதாக வாங்கின சேலையைக் காட்டுகிற நேரம், அதற்கு மேல் எங்கும் ஒரு ஃபைலும் நிற்கவில்லை. இப்படியே ஏறி இறங்கி ஏறி இறங்கித் தெருவின் கடைசி வீட்டு வாசலுக்கு வந்தவள், லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அண்ணாச்சியிடம் போய், இன்னொரு சுவிட்ச் மாற்றிப் பார்க்கலாம் என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. அண்ணாச்சிக்குத் தெரியும், டிசைன் ரூமில் அவளோடு வேலை பார்க்கிற பெண்களுக்குத் தெரியும், தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அண்ணாச்சி புது சுவிட்சுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார்.

பிளேட் ரூமில் சவரிநாதனுக்கு வேறு வகையில் தெரிந்தது. தாமதமாக வந்த ஃபைல்களைத் திறந்தால், மாரீஸ்வரி டிசைனில் வைக்காத பொருட்கள் அவற்றில் இருந்தன. சரஸ்வதியின் தலையில் நெருக்கிக் கட்டின மல்லிகைச் சரம் இருந்தது. தவழ்கிற கிருஷ்ணனின் கன்னத்தில் மை தொட்டு வைத்த திருஷ்டிப் பொட்டு இருந்தது. அவர் அதைப் பெரிதாக்கிக் காட்டியபோது மாரீஸ்வரி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். இடது கன்னத்தில், மற்றவர்கள் வைக்கிற இடத்தை விடக் கொஞ்சம் கீழே, கிட்டத்தட்டத் தாடையில் இருந்தது பொட்டு. அவளுடைய சின்ன வயதுப் போட்டோ எல்லாவற்றிலும் பொட்டு அங்கேதான் இருக்கும்.

"அழிச்சிரட்டுமா?" என்று சவரிநாதன் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள்.

ஆனி பாதி கடந்தபோது ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கான முருகன் கிளம்பினார். வள்ளி, தெய்வானை, மயில், வேல், பின்னால் மலை என்று அண்ணாச்சி ஆசைப்பட்டுச் செய்யச் சொன்ன படம். சவரிநாதன் கிளிக் செய்த அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவருக்குப் பின்னால் கிளம்பினவர்கள் எல்லாரும் மாடி மாடியாகத் தேங்கிப்போனார்கள். எங்கள் வீட்டில் ஒரு சோப்புக் கம்பெனிக் குழந்தை இரண்டு நாளாக அழாமல் சிரித்துக்கொண்டே இருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க எங்களுக்குத்தான் அழுகை வந்தது. அண்ணாச்சி கேபிள்காரருக்கு ஆள் அனுப்பி, ஆடி முதல் தேதி ஏணியோடு வரச் சொல்லிவிட்டார். டிசைன் ரூம் பெண்கள் தங்கள் டிபன் டப்பா, செருப்பு, சாமி படங்களை எல்லாம் எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்கள்.

சீனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கடன் கேட்கிற சாக்கில் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, குருவம்மாள் வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போனவர், ஒரு பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, நேராக டிசைன் ரூமுக்கு வந்து மாரீஸ்வரியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பார்த்ததைச் சொன்னார்.

குருவம்மாள் யாரையும் கட்டிப்போடவில்லை. வருகிறவர்களை நன்றாக உபசரிக்கிறாள், தலை வாரிவிடுகிறாள், பூ வைத்துவிடுகிறாள், பிறகு எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். உன் கல்யாணப் பத்திரிகையில் அழைத்தது யார்? பத்திரிகைகளில் இருக்கிற மணப்பெண்கள் வந்தால் அவர்களே கையில் கொண்டுவந்திருப்பதை வாங்கி, மகளின் திருமணத்துக்கு இன்னார் அழைக்கிறேன் என்று பெற்றவள் பெயர் போட்ட வரியை விரல் வைத்துப் படிக்கிறாள், திரும்பவும் படிக்கிறாள், அந்தப் பெண் எழுந்தால் இன்னும் கொஞ்சம் இரு என்று உட்கார வைக்கிறாள். இப்போது முருகனிடமும் அதையே கேட்டிருக்கிறாள். தெய்வானை கல்யாணத்துக்கு இந்திரன் அழைத்தார் என்று அவர் டக்கென்று சொல்லிவிட்டார். வள்ளி கல்யாணத்துக்கு என்று கேட்டபோது, மயிலுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாளாக மயில் தண்ணீர் குடிக்கிறது.

"பெறகு அந்த வள்ளிப் பிள்ளைதான் வாயத் தொறந்துச்சு" என்று சீனியம்மாள் சொன்னார். "இவரோட போனேன், எங்கப்பா வில்ல எடுத்துக்கிட்டுத் தொரத்துனாரு, பெறகு அவரே மனசாறிக் கையப் பிடிச்சுக் குடுத்தாரு, தேனும் தினைமாவும் வெச்சு ஊருக்கே விருந்து நடந்துச்சுன்னு சொல்லுச்சு. உங்கம்மா எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு, முதல்ல உங்கப்பா ஒன்னயத் தேடி வந்தாரா, நீ உங்கப்பாவத் தேடிப் போனியான்னா. நாங்கதான் திரும்பிப் போனோம்னுச்சு அது. அப்ப நீ போயிருக்க அப்படின்னா. அதுக்கப்புறம் அவளத் தனியா விட்டுட்டு எந்திரிக்க அவங்களுக்கு மனசு வரல."

சீனியம்மாள் போன பிறகு மாரீஸ்வரி நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊர் ஜனங்கள் கோபத்தோடு இருக்கிற வீட்டுக்குக் கூடப் போவார்கள், வெறுங்கையோடு மட்டும் போக மாட்டார்கள். கல்யாணப் பேச்சு என்றால் கையில் பத்திரிகை இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குப் பத்திரிகை டிசைன் செய்தவள், தனக்கு என்று ஒன்று செய்துகொண்டதில்லை. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதற்குப் பத்திரிகை என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். மற்ற பத்திரிகைகளில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற வரி அது. மணமகளை அழைப்பது பெற்றவர்கள். அப்பா இல்லை. அப்படியென்றால் அழைக்க வேண்டியவள் அம்மா. அம்மாவைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லையே என்றுதான் அவள் மூன்று வருஷமாக உறுத்தலோடு இருந்தாள். அம்மா அழைக்கப்பட வேண்டிய ஆளே இல்லை, அழைத்திருக்க வேண்டிய ஆள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழைக்கிற இடத்தை மகள் பிடுங்கிக்கொண்டாள். அம்மாவின் வருத்தம் சவரிநாதன் மேல் பாதிதான், மிச்சப் பாதி இந்த வரியின் மேல் இருந்திருக்கிறது.

மாரீஸ்வரி யாரிடமும் கேட்கவில்லை. குருவம்மாள் ஆகிய நான் அழைக்கிறேன் என்று அடித்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எடுத்த போட்டோவிலிருந்து தன்னையும் அவரையும் வெட்டி எடுத்து வைத்தாள், அவசரத்தில் அவள் முழங்கைப் பக்கம் கொஞ்சம் பிசிறு தட்டியது. தன் பெயருக்கு முன்னால் விரல்கள் தாமாகவே திருநிறைசெல்வி என்று அடித்துவிட்டன. அவர் பெயருக்கு வந்தபோது, அம்மா எதைப் பொறுப்பாள் எதைப் பொறுக்க மாட்டாள் என்று யோசித்து, வெறும் சவரிநாதன் என்று போட்டாள். தேதிக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டாள். பிரஸுக்குப் போன் செய்து, ஒரு புது ஃபைல் இருக்கு, திறங்க என்றாள்.

சவரிநாதன் கிளிக் செய்தார். ஃபைல் கிளம்பியது. தெருவில் நாங்கள் எல்லாரும் மாடியில் நின்று பார்த்தோம். பருத்திச் சேலை கட்டின கல்யாணப் பெண்ணும் வெள்ளைச் சட்டை மாப்பிள்ளையும், தேங்கி நின்ற சாமிகள் ஒதுங்கி வழிவிட, எங்கள் தலைக்கு மேல் போனார்கள், முறுக்குத் தட்டை நீட்டினோம், ஒரு வீட்டிலும் இறங்கவில்லை. சீனியம்மாள் வீட்டில் கூட இறங்கவில்லை. கடைசி வீட்டில் போய் இறங்கினார்கள்.

பிளேட் ரூமுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. மாரீஸ்வரி போட்ட கணக்கும் அதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, வெயிலில், எல்லாரும் பார்க்க, தலையைக் குனியாமல் நடந்தாள். இந்தக் கோளாறு எனக்குத் தெரிந்த கோளாறு, இதை நான்தான் சரி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னாள். பயந்ததையும் சொன்னாள். மூடியிருக்கும் என்று நினைத்த கதவு திறந்துதான் இருந்தது, மாடிப்படியில் ஏறினாள்.

மாடியில் மயில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. முருகனும் தெய்வானையும் வந்தவளைப் பார்க்காதது மாதிரி மலையைப் பார்த்தார்கள், வள்ளி மட்டும் பார்த்தாள். நிழலில் பாய் விரித்து, பிசிறு தட்டின முழங்கையோடு படத்து மாரீஸ்வரி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் குருவம்மாள் உட்கார்ந்து அவள் தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். படத்துச் சவரிநாதனுக்கு நாற்காலி போட்டிருந்தாள், காபி கொடுத்திருந்தாள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

குருவம்மாள் நிமிர்ந்து பார்க்காமல், "வந்துட்டியா" என்றாள்.

"ஃபைல் போகணும்மா. ஆடி பொறக்கப் போகுது."

"போகும். என்னத்தத் தேச்சுக் குளிக்கியோ, முடியெல்லாம் ஒரே சிக்கு." சீப்பை வாயில் கவ்விக்கொண்டு மூன்று காலாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். பின்னிக்கொண்டே, "எம் பேர என்னயக் கேக்காமப் போட்டிருக்க" என்றாள்.

"ஆமா. கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

"மாட்டேன்தான்." பின்னலை இழுத்து இறுக்கினாள். "தேதி எங்க?"

"அது நீ சொல்லணும். அழைக்கிறவங்கதான் நாள் குறிக்கணும்."

குருவம்மாளின் கை நின்றது. "ஆடியில எவ கல்யாணம் வைப்பா?" என்றாள். "ஆவணிக்கு வெச்சுக்கிருவோம்."

மாரீஸ்வரி மூன்று வருஷமாக அழாமல் வைத்திருந்ததை எல்லாம் நின்றபடியே அழுதாள், சத்தம் போட்டு, சின்னப் பிள்ளையாக. குருவம்மாள் அவளை அழட்டும் என்று விட்டுவிட்டு, பின்னலை முடித்து, நுனியில் கயிறு கட்டி, பூ வைத்து, பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த பேனாவால் என்னமோ எழுதி, படத்துப் பெண்ணின் கையில் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து, போயிட்டு வாம்மா என்றாள். படத்து மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முருகன் மயிலைக் கூப்பிட்டார்.

"இவ போகட்டும்" என்றாள் குருவம்மாள். "நீ உக்காரு."

மாரீஸ்வரி பாயில் உட்கார்ந்தாள். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அம்மா அவளுடைய பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே தலைக்கு மேலே கேபிள் விர்ரென்று இரைந்தது. முருகன் போனார், அவருக்குப் பின்னால் மாடி மாடியாகத் தேங்கி நின்ற பிள்ளையார்கள், மேரி மாதா, கறுப்பசாமி, சோப்புக் குழந்தை, மத்தாப்புப் பெட்டிகள், ஊர் ஊருக்குப் போக வேண்டிய மணப்பெண்கள் எல்லாரும் போனார்கள், நாங்கள் மாடியில் நின்று போயிட்டு வாங்க போயிட்டு வாங்க என்று வாய் வலிக்கச் சொன்னோம். ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாளே தயாராகிவிட்டது. கேபிளைக் கழற்ற ஏணியோடு வந்தவர் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார், மெட்ராஸ் பையனும் ஊருக்குப் போனான்.

கேபிள் இரைந்த அன்றைக்குப் பிளேட் ரூமில் சவரிநாதனின் திரையில் எல்லாருக்கும் முன்னால் வந்து திறந்தது அந்தப் பத்திரிகைதான். அவர் எழுந்து கிட்டே போய்ப் படித்தார். குருவம்மாள் ஆகிய நான் அழைக்கிறேன் என்று இருந்தது. தேதியில் ஆவணி என்று இருந்தது. கீழே, மாரீஸ்வரி வெறுமனே விட்டிருந்த அவருடைய பெயருக்கு முன்னால், திருநிறைசெல்வன் என்று பேனாவால் எழுதியிருந்தது, மற்ற எழுத்துக்களை விடக் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கோணலாக. எங்கள் ஊரில் கோணல் எழுத்தை நிமிர்த்தாமல் பிளேட் போடுகிற ஆள் கிடையாது. சவரிநாதன் அதை நிமிர்த்தாமல் பிளேட் போட்டார்.